அப்பா அடித்த ஆணி

உடைந்த நாற்காலிக் காலைத் தூக்கிப் போடுவதா, ஒட்டி வைத்துக்கொள்வதா? தேக்காவில் கிடைத்த பதில்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஒலிப்பதிவுக்கூடத்தை விட்டு வெளியே வந்து கைப்பேசியைப் பார்த்தால், அம்மாவிடமிருந்து ஏழு அழைப்புகள். பதறிப்போய்த் திரும்ப அழைத்தேன்.

“ஒன்னுமில்லம்மா. நாற்காலி கால் ஒடிஞ்சு போச்சு. நான் நல்லாத்தான் இருக்கேன்.”

அம்மாவுக்கு 71 வயது. இரண்டு முழங்காலிலும் வலி. கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார்ந்தால்தான் கைகளை ஊன்றி எழுந்திருக்க முடியும். எங்கள் அங் மோ கியோ வீட்டில் அப்படி ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு. 1984ல் வீடு கிடைத்தபோது அப்பா சுங்கை ரோடு பக்கம் பழைய சாமான் கடையில் வாங்கிய தேக்கு நாற்காலி. நான் பிறப்பதற்கு முன்பே அது வீட்டுக்கு வந்துவிட்டது. அன்று காலை அம்மா காப்பியுடன் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். பின்பக்கத்து வலது கால், இருக்கைக்குக் கீழே சடக்கென்று போய்விட்டது. பக்கத்தில் சுவர் இருந்ததால் முழங்கையில் சிராய்ப்போடு தப்பித்தார்.

அன்று மாலையே வீட்டில் வாக்குவாதம் தொடங்கிவிட்டது.

“அக்கா, தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடலாம். நகர மன்றத்துக்கு ஒரு போன் பண்ணினா வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க” என்றான் தம்பி.

“உங்கப்பா வாங்கினதுடா” என்றார் அம்மா.

“அதுக்காக மறுபடியும் உடைஞ்சு நீங்க விழுந்தா?”

தம்பி கேட்டதில் தவறே இல்லை. வயதானவர்களுக்கு ஒரு முறை விழுந்தாலே வாழ்க்கை மாறிவிடலாம். ஒட்டிய காலை நம்பி அம்மாவை உட்கார வைக்கலாமா என்பதுதான் உண்மையான கேள்வி. அப்பாவின் நினைவு என்பதற்காக மட்டும் அதற்கு ‘ஆம்’ என்று சொல்லிவிட முடியாது.

நேயர்கள் வீட்டுக் கால்கள்

மறுநாள் நிகழ்ச்சியில் இதையே பேச்சாக்கினேன். ‘உங்கள் வீட்டில் உடைந்தும் தூக்கிப் போட மனம் வராத மரச்சாமான் எது?’ என்று கேட்டேன். பாட்டி ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த மரப்பெட்டி, மூன்று பிள்ளைகள் தூங்கிய தொட்டில், கால் ஆடும் பூசை மேசை, ஒரு பக்கம் புத்தகத்தை அடியில் கொடுத்து நிறுத்தியிருக்கும் கட்டில் என்று செய்திகள் வந்துகொண்டே இருந்தன. ‘சரிசெய்யக் கேட்டால் புது மேசையின் விலையைச் சொல்கிறார்கள்’ என்று ஒரு நேயர் எழுதியிருந்தார். எனக்கும் அதே அனுபவம்தான். ஓரிடத்தில் 180 வெள்ளி கேட்டார்கள். இன்னோரிடத்தில் ஒற்றை நாற்காலிக்கு வர முடியாது என்றார்கள்.

தூக்கிப் போடுவது இங்கு எளிது. ஆனால் போட்ட பொருள் எங்கே போகிறது? சிங்கப்பூரில் மறுபயனீடு செய்யப்படாத குப்பையில் எரிக்கக்கூடியவற்றை எரித்து, சாம்பலைச் செமாக்காவ் தீவுக்குக் கொண்டு போகிறார்கள். 1999ல் திறக்கப்பட்ட அந்த இடம்தான் நமக்கு இருக்கும் ஒரே குப்பை நிரப்பிடம். இதே வேகத்தில் போனால் 2035 வாக்கில் அது நிரம்பிவிடும் என்பது அரசாங்கத்தின் கணிப்பு. ஒரு நாற்காலியால் செமாக்காவ் நிரம்பிவிடாது. ஆனால் எல்லா வீட்டிலும் ஒரு நாற்காலி இருக்கிறது.

லெம்பு ரோட்டில் ஒரு தச்சர்

பதில் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் காய்கறி வாங்கிவிட்டு, லெம்பு ரோடு திடல் பக்கம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். தம்பியிடம் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். “மேடம், நீங்க ரேடியோவுல பேசுறவங்கதானே? குரலை வெச்சுக் கண்டுபிடிச்சேன். நாற்காலி சரியாயிருச்சா?”

அவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். இங்கு கட்டுமானத் தளத்தில் சென்ட்ரிங் வேலை. கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகை அடைத்துக் கட்டும் வேலை அது. ஆனால் பரம்பரையாக அவர்கள் தச்சர்கள். அப்பாவுடன் சேர்ந்து நிலை, கதவு, கட்டில் செய்தவர். “உளியக் கையில பிடிச்சு ஒன்பது வருஷம் ஆச்சுக்கா” என்றார். மேடம் இரண்டாவது வாக்கியத்திலேயே அக்கா ஆகியிருந்தேன்.

கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி: “குச்சிய ஒடிச்ச மாதிரி குறுக்க ஒடிஞ்சிருக்கா, கரும்பு பிளந்த மாதிரி நீளமாப் போயிருக்கா?”

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. மரம் என்பது நீளவாக்கில் அடுக்கிய நார்களின் கட்டு. நார் ஓடும் திசையில் நீளமாகப் பிளந்தால் பசை பிடிக்க நிறைய இடம் இருக்கும். பிளந்த இரு பக்கங்களும் பல் சக்கரம்போல ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும். நல்ல மரப்பசையால் ஒட்டிய அந்த இடம், பக்கத்திலுள்ள மரத்தைவிடவே உறுதியாக இருக்கும். குறுக்கே ஒடிந்தால் நிலைமை வேறு. நார்களின் வெட்டுமுனை பசையை உறிஞ்சிக்கொள்ளும், பிடிக்காது. அங்கே வெறும் பசையை நம்பவே கூடாது. இரு துண்டிலும் துளையிட்டு உள்ளே மர ஆணி கொடுக்க வேண்டும். அல்லது இரண்டையும் நீளச் சரிவாகச் சீவி ஒட்ட வேண்டும்.

எங்கள் கால் சரிவாக, ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பிளந்திருந்தது. “அப்ப நிக்கும்க்கா” என்றார். பிறகு படத்தில் ஒரு கறுப்புப் புள்ளியைத் தொட்டார். “இது என்ன? ஆணியா?”

வீட்டுக்கு வந்து பார்த்தேன். ஆணிதான். பிளவு தொடங்கிய இடமும் அதுதான்.

ஆணி ஏன் பகை?

“உங்கப்பா அடிச்சது” என்றார் அம்மா. “நீ பாலர் பள்ளிக்குப் போன சமயம். நாற்காலி ஆடுதுன்னு சொன்னேன். அன்னிக்கு ராத்திரியே ரெண்டு ஆணிய வெச்சு அடிச்சாரு. அப்புறம் ஆடவே இல்ல.”

முப்பது ஆண்டுக்கு மேல் ஆடாமல் இருந்தது உண்மை. ஆனால் அந்த ஆணிதான் காலை உள்ளிருந்து மெல்ல மெல்லப் பிளந்திருக்கிறது.

மர நாற்காலியில் கட்டைகள் சேரும் இடத்தில் ஒன்றில் குழி இருக்கும். மற்றொன்றின் நுனியை நாக்குப்போலச் செதுக்கி அந்தக் குழிக்குள் இறக்கியிருப்பார்கள். மரம் ஈரத்தை வாங்கினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் மிகக் குறைவு, அகலவாக்கில்தான் அதிகம். குழியுள்ள கட்டையின் நார் ஒரு திசையிலும் நாக்கின் நார் இன்னொரு திசையிலும் ஓடுவதால், இரண்டும் ஒரே மாதிரி உப்புவதில்லை, ஒரே மாதிரி சுருங்குவதில்லை. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். அறையில் குளிர்சாதனம் ஓடும்போது காற்று உலர்கிறது. அணைத்ததும் ஈரம் திரும்பி வருகிறது. தினமும் நடக்கும் இந்த இழுபறியில் பழைய பசை விட்டுப்போகிறது, நாற்காலி ஆடத் தொடங்குகிறது.

அந்த ஆட்டத்தை நிறுத்த ஆணி அடித்தால், மரம் அசைய வேண்டிய இடத்தில் அசைய முடியாது. கூடவே இரும்பு துருப்பிடிக்கும். துரு மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து சுற்றிலும் கறுப்பாகும், அந்த இடத்து மரம் மெல்ல வலுவிழக்கும். நாற்காலியில் பின்கால்தான் அதிகப் பாரம் தாங்குகிறது. நாம் சாயும்போதெல்லாம் இருக்கைச் சட்டம் காலோடு சேரும் இடத்தில் நெம்புகோல்போல விசை விழுகிறது. ஏற்கெனவே குழி வெட்டியதால் அங்கே மரம் குறைவு. அப்பா ஆணி அடித்தது மிகச் சரியாக அங்கேதான்.

அந்தக் காலத் தச்சர்கள் இதற்கு வஜ்ஜிரம் என்ற பசையைப் பயன்படுத்தினார்கள். மாட்டுத்தோல் போன்றவற்றைக் காய்ச்சி எடுப்பது, சூடாக்கித் தடவுவது. வெப்பமும் ஈரமும் பட்டால் அது மறுபடி இளகும். அதைக் குறை என்று நினைப்போம். ஆனால் பழுது பார்ப்பவருக்கு அதுதான் வசதி, கட்டைக்குச் சேதமில்லாமல் மூட்டைக் கழற்றிவிட்டுத் திரும்ப ஒட்டலாம். பிறகு வெள்ளை மரப்பசை வந்தது. இந்தியாவில் 1959ல் வந்த ஃபெவிகாலின் பெயரே பசைக்குப் பெயராகிப்போனது.

கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் போனால், செட்டிநாட்டு மர வாசல் ஒன்றைப் பார்க்கலாம். சிற்ப வேலையை எல்லாரும் படம் எடுக்கிறார்கள். இந்த முறை நான் சட்டங்கள் ஒன்றோடு ஒன்று சேரும் மூலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பழைய காப்பிக் கடை நாற்காலியும் ஒரு பாடம்தான். வளைத்த மரத்தாலான அந்த வடிவத்தின் மூலம், மைக்கேல் தோனெட் 1859ல் உருவாக்கிய 14ஆம் எண் நாற்காலி. ஆறே மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு திருகுமுடிகள். கழற்றிப் பெட்டியில் அடுக்கிக் கப்பலேற்றினார்கள். ஒரு கால் போனால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். பழுது பார்க்கப்படும் என்று நினைத்தே செய்த பொருள் அது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை

“நீங்களே வந்து செஞ்சு தர்றீங்களா?” என்று லெம்பு ரோட்டில் கேட்டிருந்தேன். அவர் சிரித்தார். “பெர்மிட்டுல இடமில்லக்கா. வெளி வேலை பாக்கக்கூடாது. ஆனா சொல்லித் தரலாம்ல?” என்றவர், விரல் விட்டு எண்ணி மூன்று விஷயம் சொன்னார். ஒரு சிராய்கூடக் கீழே போட்டுவிடாமல் பொட்டலமாகக் கட்டி வை. பிளந்த முகத்தில் உப்புத்தாள் போடாதே, பல் போய்விடும். ஒட்டினால் ஒரு நாள் முழுக்கத் தொடாதே.

இங்கு 2014ல் சஸ்டெய்னபிள் லிவிங் லேப் என்ற அமைப்பு தொடங்கிய ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ பற்றிச் சிலருக்குத் தெரிந்திருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் தொண்டூழியர்கள் கூடி, பழுதான மின்சாதனம், துணி, வீட்டுப் பொருள்களைச் சரிசெய்ய உதவுகிறார்கள். கொடுத்துவிட்டுப் போய்ப் பிறகு வாங்கிக்கொள்ளும் கடை அல்ல அது. நாமும் கூட உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். நெதர்லாந்தில் மார்ட்டீன் போஸ்ட்மா 2009ல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய ‘ரிப்பேர் கஃபே’யும் இதே எண்ணம்தான். இப்போது அது பல நாடுகளில் நடக்கிறது.

நாற்காலியை வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அங்கிருந்த சீனத் தொண்டூழியர், பணி ஓய்வுபெற்றவர், படத்தைப் பார்க்காமலேயே முதலில் பிளவின் நீளத்தை விரலால் அளந்தார். புதுக்கோட்டைக்காரரும் இவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்போல் இருந்தது.

இருவரும் சேர்ந்து செய்தது இதுதான். முதலில் குறடால் ஆணிகளை அசைத்து அசைத்துப் பிடுங்கினோம். இருக்கைச் சட்டத்தின் நாக்கில் காய்ந்திருந்த பழைய பசையைச் சுரண்டி எடுத்தோம். பழைய பசைமீது புதுப் பசை பிடிக்காது. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு என்பதால், ஒட்டும் இடங்களை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட்டோம். பசையில்லாமல் ஒரு முறை பொருத்திப் பார்த்தோம். முடியிழை அளவுக்கு இடைவெளி இருந்தது. உள்ளே மடிந்துகிடந்த ஒரு சிராயை ஊசியால் நிமிர்த்தியதும் மூடிக்கொண்டது.

பிறகு இரு முகத்திலும் பசை. இடுக்குகளுக்குள் மெல்லிய அட்டையால் தள்ளிவிட்டோம். சரிவான பிளவை இறுக்கும்போது துண்டுகள் வழுக்கிக்கொண்டு நகரும். அதனால் பிடிப்பானைப் போடுவதற்கு முன், பழைய மிதிவண்டி டியூபை நீளமாக வெட்டி, காலைச் சுற்றி இழுத்து இழுத்துக் கட்டினார். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இறுக்க அதைவிட மலிவான கருவி கிடையாது. ஓரத்தில் பசை வரிசையாகப் பிதுங்கியது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, டியூபோடு அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். “ஒரு நாள்” என்று அவரும் சொல்லி அனுப்பினார்.

தம்பி துளையிட்டான்

பசை மட்டும் போதுமா? மேசைக்கால் என்றால் போதும் என்று விட்டிருப்பேன். அம்மா உட்காரும் நாற்காலி. ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடை ஒன்றில் 8 மில்லிமீட்டர் மர ஆணியும் அதே அளவு துளையூசியும் வாங்கினேன். காலின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துளை போகக்கூடாது என்பது பொது விதி. எங்கள் கால் தடிமன் 35 மில்லிமீட்டர். கணக்கு சரியாக இருந்தது.

துளையிடும் இயந்திரம் தம்பியிடம்தான் இருந்தது, புது பிடிஓ வீட்டுக்கு வாங்கியது. வேண்டாவெறுப்பாகக் கொண்டுவந்தான். பிளவைக் குறுக்கே கடந்து போகும்படி இரண்டு இடத்தில் துளையிட்டான். பசை தடவிய மர ஆணிகளை இறக்கினோம். இது இரும்பல்ல, மரம். துருப்பிடிக்காது. மறுநாள் நீட்டிக்கொண்டிருந்த நுனிகளை அறுத்து, உப்புத்தாள் போட்டு, மெழுகு தேய்த்தான். அதற்குள் அவனுக்கே அந்த வேலையில் ருசி வந்திருந்தது.

அடுத்து சோதனை. பத்து கிலோ அரிசிப் பையை வைத்தோம். அப்புறம் இன்னொன்று. தம்பி பையைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, “நகரு அக்கா” என்று சொல்லித் தானே உட்கார்ந்தான். 82 கிலோ. சாய்ந்தான். பக்கவாட்டில் அசைந்தான். காதைக் காலருகே வைத்து என்னைக் கேட்கச் சொன்னான். சத்தமே இல்லை. அப்படியே பத்து நிமிடம் உட்கார்ந்து அம்மா போட்ட காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தான். “சரி, இப்ப உட்காருங்கம்மா.”

எப்போது ஒட்டலாம், எப்போது விட்டுவிடலாம்?

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் தேவையில்லை. இரண்டு மாதத்தில் நான் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஆட்டம் மட்டும் இருந்தால் இன்றே கழற்றிச் சுரண்டி ஒட்டுங்கள். முறிவுக்கு முந்திய நிலை அது. நீளமாகப் பிளந்திருந்தால் பெரும்பாலும் வீட்டிலேயே முடியும். குறுக்கே ஒடிந்திருந்தால், அதிலும் ஆள் உட்காரும் பொருளாக இருந்தால், தெரிந்தவரிடம் காட்டுங்கள். கரையான் அரித்து மரம் பொடியாக உதிர்ந்தால் அந்தக் காலை ஒட்டிப் பயனில்லை, புதுக்கால்தான் செய்ய வேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் திருகாணி பிடுங்கிக்கொண்டு வந்திருந்தால், மறுபடி அதே துளையில் முறுக்கினால் நிற்காது. குழந்தைத் தொட்டில், ஏணி, கட்டில் ஏறும் படி போன்றவற்றில் சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

எதுவாக இருந்தாலும் உலோக ‘எல்’ தகடும் ஆணியும் முதல் வைத்தியம் அல்ல. உடனே பிடிக்கும் சூப்பர் பசையும் அல்ல. சீக்கிரம் காயும், ஆனால் இடைவிடாமல் பாரம் தாங்கும் மூட்டில் உடைந்துவிடும். அந்த மொறுமொறுப்பான பசையை எடுக்காமல் அடுத்த முறை ஒட்டவும் முடியாது. நாற்காலியை இழுக்காமல் தூக்கி வையுங்கள். பின்னிரு காலில் ஆட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எங்களிடம் அப்பா சொன்னதுதான்.

செலவு? பசை, மர ஆணி, துளையூசி, வாடகை வண்டி எல்லாம் சேர்த்து 50 வெள்ளிக்குள். நேரம்தான் அதிகம். அதில் பாதி, காயும்வரை தொடாமல் இருந்த நேரம்.

பிடுங்கிய ஆணிகளைக் குப்பையில் போடப் போனேன். அம்மா வாங்கி வைத்துக்கொண்டார். “அவருக்குத் தெரிஞ்சதச் செஞ்சாரு” என்றார். அவ்வளவுதான் சொன்னார். இரவு நேரப் பணி முடித்து வந்த மனிதர், மனைவி உட்காரும் நாற்காலி ஆடக்கூடாது என்று அன்றைக்கே செய்த வேலை அது. தவறான வேலைதான், ஆனாலும் முப்பது ஆண்டு தாங்கியது.

போன ஞாயிறு தேக்காவில் அந்தத் தச்சரைத் தேடிப்போய்ப் படத்தைக் காட்டினேன். வழக்கம்போல் விரலால் பெரிதாக்கினார். முதலில் பிளவைப் பார்த்தார், பிறகு மர ஆணிகளை. நீண்ட நேரம் பார்த்தார்.

“யாரு துளை போட்டது?”

“என் தம்பி.”

“கீழ உள்ளது கொஞ்சம் கோணல்” என்றார். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். “பரவாயில்லக்கா, நிக்கும். அம்மாவ உட்காரச் சொல்லுங்க.”